பாட்டி நகையை உருக்கக் கொடுப்பதற்கு முன்: பரம்பரை நகையின் மதிப்பை அறிய முழுமையான வழிகாட்டி

வீட்டுப் பெரியவர்களின் காலத்துக்குப் பிறகு லாக்கரைத் திறக்கும் நாள் ஒன்று வரும். உள்ளே ஒரு கெம்பு அட்டிகை, வைர மூக்குத்தி, அறுந்த காசு மாலை, ஜோடி தொலைந்த ஜிமிக்கி, இப்போது யாரும் போடாத பாம்படம் இருக்கும். பல வீடுகளில் அடுத்த சில வாரங்களிலேயே இவை நகைக்கடைத் தராசில் ஏறிவிடுகின்றன. கடைக்காரர் ஓர் எடையையும் ஒரு தொகையையும் சொல்வார். புது நகைக்கு அந்தத் தொகை கழிக்கப்படும், பழையது உருக்குக்குப் போய்விடும்.

அவர் சொன்ன தொகை பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் தராசுக்குத் தெரிந்தது தங்கம் மட்டும்தான். கல்லின் விலை, கைவேலையின் அருமை, அந்த மாதிரி நகையைச் செய்ய இன்று ஆள் இல்லை என்ற உண்மை எதுவும் அந்த ரசீதில் வராது. அதே நேரம், பழையதெல்லாம் புதையலும் அல்ல. 1980களிலும் 90களிலும் கடையில் வாங்கிய சாதாரணச் சங்கிலி, வளையல், மோதிரம் ஆகியவற்றுக்குத் தங்க விலைக்கு மேல் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. அவற்றை மாற்றிக்கொள்வதில் தவறே இல்லை. எது எந்த வகை என்று பிரித்துத் தெரிந்துகொண்ட பிறகு முடிவெடுக்க வேண்டும், அவ்வளவுதான். உருக்கியதைத் திரும்பப் பெற முடியாது என்பதால் கீழே உள்ள வரிசை முக்கியம்.

படி 1: கழுவாதீர்கள், படம் எடுங்கள்

நகையைக் கையில் எடுத்ததும் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் போட்டு பிரஷ்ஷால் தேய்ப்பது நம் வீட்டுப் பழக்கம். கல் இல்லாத தங்கத்துக்கு அது சரி. பின்பக்கம் மூடிய பழைய கல் நகைக்கு அது ஆபத்து. அந்தக் காலத்து அட்டிகை, தோடு, ராக்கொடி போன்றவற்றில் கல்லுக்குப் பின்னால் பளபளக்கும் மெல்லிய தகடு வைத்து, அடியில் அரக்கு நிரப்பியிருப்பார்கள். உள்ளே தண்ணீர் போனால் தகடு கருத்துவிடும், கல் மங்கிப்போகும். மங்கிய கல்லைப் பார்த்து "இது வெறும் கண்ணாடி" என்று ஒருவர் சொன்னால் நீங்களும் நம்பிவிடுவீர்கள். முத்துக்குப் புளி, எலுமிச்சை, பல்பொடி எதுவும் ஆகாது. மரகதத்தில் இயல்பாகவே விரிசல்கள் உண்டு. அதை மெஷினில் போட்டுக் கழுவ விடவே கூடாது. மெல்லிய பருத்தித் துணியால் தூசியைத் துடைத்தால் போதும்.

அப்புறம் ஒவ்வொரு நகையையும் முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டில் படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு அளவுகோலை வையுங்கள். திருகாணி, கொக்கி, பற்றவைத்த இடங்கள், ஏதாவது எழுத்தோ எண்ணோ பொறித்திருந்தால் அது, எல்லாவற்றையும் நெருக்கமாக எடுங்கள். பின்பக்கத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நகையின் வயதும் பழுது பார்த்த வரலாறும் பெரும்பாலும் பின்பக்கத்தில்தான் தெரியும்.

கூடவே பழைய ரசீது, நகைப்பெட்டி, அடகுச் சீட்டு, பாட்டி அந்த நகையைப் போட்டுக்கொண்டு எடுத்த கல்யாணப் படம் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். 1930களில் எடுத்த படம் ஒன்றில் அந்த அட்டிகை தெரிந்தால் அதன் வயதுக்கு அதைவிடப் பெரிய சான்று வேண்டாம். வீட்டில் இருக்கும் மூத்தவர்களிடம் யார் செய்தது, எந்த ஊர்ப் பத்தர், எப்போது கல் மாற்றினார்கள் என்று கேட்டு எழுதிவையுங்கள். இது தள்ளிப்போடக் கூடாத வேலை.

படி 2: எடையைப் பிரியுங்கள்

கடையில் பவுன் என்றால் 8 கிராம். பழைய குறிப்புகளில் தோலா என்று இருந்தால் அது சுமார் 11.66 கிராம். வைரத்துக்கும் மற்ற கற்களுக்கும் கேரட் என்பது எடை: 1 கேரட் 0.2 கிராம், அதில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட். தங்கத்துக்குச் சொல்லும் கேரட் சுத்தத்தைக் குறிப்பது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மொத்த எடையிலிருந்து கல், அரக்கு, நூல், பாசிமணி எல்லாம் போக மிஞ்சுவதுதான் தங்கத்தின் நிகர எடை. ஓர் அட்டிகை 52 கிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கல் 4 கிராம், அரக்கு 8 கிராம் போனால் தங்கம் 40 கிராம். அதன் சுத்தம் 88 சதவீதம் என்று வந்தால் அதில் உள்ள பசும்பொன், அதாவது சுத்தத் தங்கம், 35.2 கிராம். அதை 916 தங்கமாக (91.6 சதவீதச் சுத்தம், 22 கேரட்) மாற்றிச் சொன்னால் சுமார் 38.4 கிராம், அதாவது 4.8 பவுன். ஆறரைப் பவுன் நகை என்று குடும்பத்தில் சொல்லிவந்தது இப்படி நாலே முக்கால் பவுனாக இறங்குவது ஏமாற்று அல்ல. ஆனால் இந்தக் கணக்கை நீங்கள் முன்கூட்டியே போட்டு வைத்திருந்தால், கடையில் அதற்கு மேலும் "அழுக்கு", "உருக்குச் சேதாரம்" என்று எவ்வளவு கழிக்கிறார்கள் என்பது தெளிவாகத் தெரியும்.

பாம்படம், தண்டட்டி விஷயத்தில் இது இன்னும் முக்கியம். திருநெல்வேலி, இராமநாதபுரம், மதுரைப் பக்கத்துப் பாட்டிகள் அணிந்த இந்தக் கனத்த காதணிகள் பெரும்பாலும் மெல்லிய தங்கத் தகட்டால் ஆனவை, உள்ளே அரக்கு. பார்க்கும் கனத்துக்கும் உள்ளே இருக்கும் தங்கத்துக்கும் சம்பந்தமே இருக்காது. உருக்கினால் கையில் வருவது கொஞ்சம்தான். ஆனால் உருண்டையும் கட்டமும் தகடுமாகச் சேர்ந்த அந்த வடிவத்துக்காகவே அருங்காட்சியகங்களும் சேகரிப்பாளர்களும் அவற்றைத் தேடுகிறார்கள். உருக்குவதால் அதிகம் இழப்பது இந்த வகை நகையில்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

படி 3: மாற்று (தங்கத்தின் சுத்தம்) பாருங்கள்

பழைய நகையில் முத்திரை இருக்காது. இந்தியாவில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) தங்க முத்திரைத் திட்டம் 2000இல்தான் தொடங்கியது. ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாகத் தரும், எழுத்தும் இலக்கமுமாக ஆறு இடங்கள் கொண்ட எச்யுஐடி அடையாள எண் 2021இல் வந்தது; 2023 ஏப்ரல் 1 முதல் அந்த எண் இல்லாத நகையைக் கடைகள் விற்கக் கூடாது. இந்தக் கட்டாயம் கடைக்காரர் விற்கும் நகைக்குத்தான். உங்கள் வீட்டில் இருக்கும் முத்திரையில்லாத நகையை வைத்துக்கொள்ளவும் விற்கவும் தடையில்லை. "ஹால்மார்க் இல்லை, அதனால் பாதி விலை" என்று யாராவது சொன்னால் அதை ஏற்க வேண்டாம். பிஐஎஸ் அங்கீகாரம் பெற்ற சோதனை மையத்துக்கு நீங்களே நேரில் கொண்டுபோய்க் குறைந்த கட்டணத்தில் சுத்தத்தைப் பார்த்து அறிக்கை வாங்கலாம்.

916 என்ற எண்ணைக் கண்டதும் பிஐஎஸ் முத்திரை என்று எண்ணிவிடாதீர்கள். சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வந்த நகைகளிலும் அந்த எண் உண்டு. கேடிஎம் என்ற எழுத்து இருந்தால் அது காட்மியம் கலந்து பற்றவைத்த நகை. காட்மியப் புகை பத்தர்களின் உடம்பைக் கெடுப்பதால் அந்த முறை பின்னர் கைவிடப்பட்டது. அதற்கும் முந்தைய நகைகளில் செம்பு கலந்த பொடி வைத்துப் பற்றவைத்திருப்பார்கள். அதனால் தகடு 22 கேரட்டாக இருந்தாலும், இணைப்புகள் நிறைந்த நகையை முழுதாக உருக்கினால் மாற்று இறங்கும். கண்ணி கண்ணியாகக் கோத்த சங்கிலியில் இந்த இறக்கம் அதிகம், ஒரே கம்பியில் செய்த காப்பில் குறைவு.

1960களில் கல்யாணம் ஆனவர்களின் நகையை மட்டும் தனியாகக் கவனியுங்கள். 1963 ஜனவரியில், மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது வந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள், 14 கேரட்டுக்கு மேல் புதிய நகை செய்வதைத் தடுத்தன. அந்தத் தடை சில ஆண்டுகளில் தளர்ந்தது. ஆனால் அந்த இடைவெளியில் செய்த நகை 58.5 சதவீதத் தங்கமாக இருக்கலாம். அது பத்தர் செய்த மோசடி இல்லை, அந்தக் காலத்துச் சட்டம்.

சோதனையில் மூன்று வழிகள் உண்டு. உரைகல்லில் உரைத்து அமிலம் விட்டுப் பார்ப்பது பழைய வழி; அனுபவமுள்ள கைக்கு அது நன்றாகவே பேசும். எக்ஸ்ரே கதிரால் அளக்கும் கேரட் மீட்டர் சில நொடிகளில் விடை சொல்லும், நகைக்குச் சேதமில்லை. ஆனால் அது மேல்பரப்பை மட்டும் பார்க்கிறது. முலாம் பூசியதில் ஏமாந்துபோகும், அதனால் மூன்று நான்கு இடங்களில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பற்றவைத்த இடமும் அதில் ஒன்றாக இருக்கட்டும். நகையிலிருந்து துண்டு வெட்டி உருக்கிப் பார்ப்பது மிகத் துல்லியமானது. நல்ல பழைய நகைக்கு அதற்குச் சம்மதிக்காதீர்கள்.

சில நகைகள் தங்கமாகவே இருக்காது. நாகர்கோவிலின் வடசேரியில் செய்யப்படும் கோயில் நகைகள் புவிசார் குறியீடு பெற்றவை. வெள்ளியில் உருவம் செய்து, சிவப்புக் கல் பதித்து, தங்கத் தகடு போர்த்துவது அங்குள்ள மரபு. பரதம் ஆடிய பாட்டியின் ஜடைநாகமும் சூரிய சந்திரப் பிரபைகளும் அப்படிப்பட்டவையாக இருக்கலாம். தங்கமில்லை என்றதும் தூக்கி எறிய வேண்டியதில்லை. பழைய வடசேரி வேலைக்குத் தனி மதிப்பு உண்டு.

படி 4: கற்களை நிதானமாகப் பாருங்கள்

பெரிய ஆதாயமும் பெரிய ஏமாற்றமும் இந்தப் படியில்தான். நகை விற்கும்போது கல்லின் எடையைக் கழித்து, கல்லை விலையில்லாமல் வைத்துக்கொள்ளும் கடைகள் உண்டு. குறைந்தபட்சம் "கல்லைத் திருப்பிக் கொடுங்கள்" என்று கேட்க வேண்டும்.

சிவப்புக் கல்லில் தொடங்குவோம். பர்மாவில் தொழில் செய்த நகரத்தார் குடும்பங்கள் வழியாக வந்த மாணிக்கங்கள் செட்டிநாட்டு நகைகளில் உண்மையிலேயே உண்டு. நிறத்தைக் கூட்டச் சூடு காட்டாத நல்ல பர்மா மாணிக்கத்துக்கு உலகச் சந்தையில் தங்கத்தை எங்கோ விட்டுச் செல்லும் விலை. ஆனால் பழைய நகை என்பதாலேயே கல் இயற்கையானது ஆகிவிடாது. பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னாய் 1902இல் செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை வெளியிட்டார். அதன்பின் உலகெங்கும் நகைகளில் அந்தக் கல் நுழைந்தது. ஆகவே 1920இல் செய்த அட்டிகையில் செயற்கைக் கல் இருப்பது சாத்தியமே. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால் செயற்கைக் கல்லுக்குள் வளைந்த கோடுகளோ காற்றுக் குமிழிகளோ தெரியலாம். இயற்கைக் கல்லில் கோடுகள் நேராக, கோணமாக இருக்கும். பட்டு இழை மாதிரி நுண்ணிய ஊசிகளும் தென்படும். சிவப்பாக இருப்பதெல்லாம் மாணிக்கமும் இல்லை. ஸ்பினல், கார்னெட், கண்ணாடி எல்லாமே ஒரே நகையில் கலந்திருக்கும். விரிசல்களில் கண்ணாடி நிரப்பிய மாணிக்கம் தெரிந்தால் அது இந்த நூற்றாண்டில் மாற்றிய கல்.

வைரத்துக்கு வருவோம். தமிழ் வீடுகளில் ஏழு கல் தோட்டுக்கும் பேசரிக்கும் சொல்லும் பெரிய பெயர் புளூ ஜாகர். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்திலிருந்து வந்த பெயர் இது. வெயிலில் நீலம் ஓடுவது போலத் தெரியும் வெள்ளை வைரங்களுக்கு அந்தச் சுரங்கம் பேர்போனது. அந்த நீலம் பெரும்பாலும் வைரம் புற ஊதா ஒளியில் ஒளிர்வதால் வருவது. புற ஊதா விளக்கின் கீழ் வைத்தால் கல் நீலமாக எரியும். ஆனால் பிற சுரங்கங்களின் வைரங்களும் அப்படி ஒளிரும். ஆய்வக அறிக்கையில் புளூ ஜாகர் என்ற சொல் வராது, ஒளிர்வு எவ்வளவு என்ற வரிதான் வரும். இன்றைய பொதுச் சந்தையில் அந்த ஒளிர்வுக்காக விலையைக் குறைப்பதும் உண்டு. நம் பாட்டிகள் தேடித் தேடி வாங்கிய குணத்தை இன்றைய விலைப்பட்டியல் குறையாக எழுதுகிறது. எனவே இந்தக் கல்லை அருமை தெரிந்த தமிழ்நாட்டு வைர வியாபாரியிடமும் காட்டி விலை கேளுங்கள்.

பழைய வெட்டு வைரத்தை அடையாளம் காண்பது எளிது. மேல் தட்டை சிறியதாகவும், கல் உயரமாகவும் இருக்கும். அடிமுனை கூராக இல்லாமல் தட்டையாக வெட்டப்பட்டிருப்பதால் மேலிருந்து பார்த்தால் நடுவில் சின்ன வட்டம் தெரியும். இன்று நாம் காணும் பட்டை அமைப்பு 1919இல் பெல்ஜியப் பொறியாளர் டோல்கோவ்ஸ்கி வெளியிட்ட கணக்குக்குப் பின் பரவியது. "பழைய வெட்டு, மின்னாது, திரும்பப் பட்டை தீட்டலாம்" என்று சொன்னால் அவசரப்படாதீர்கள். தீட்டினால் எடை போகும், வயதும் போகும். பழைய வெட்டுக்கென்றே வாங்குபவர்கள் இன்று இருக்கிறார்கள்.

வெப்பம் அளக்கும் வைர டெஸ்டர் பேனாவை முழுதாக நம்ப வேண்டாம். வைரம் போலத் தெரியும் மொய்சனைட் கல்லையும் அது வைரம் என்று சொல்லிவிடும். இலங்கையின் மாத்தறையில் கிடைக்கும் நிறமற்ற சிர்கான் கற்கள் ஒரு காலத்தில் மாத்தறை வைரம் என்றே விற்கப்பட்டன. யாழ்ப்பாணத்து, கொழும்புத் தொடர்புள்ள குடும்பங்களின் நகையில் அவை இருக்கலாம். 1976க்குப் பின் சந்தைக்கு வந்த அமெரிக்கன் டைமண்ட் பழைய தோட்டில் தெரிந்தால், யாரோ கல்லை மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள்.

முத்துக்கும் இதே கவனம் வேண்டும். தூத்துக்குடிக் கடலில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. அதற்கு முந்தைய மன்னார் வளைகுடா முத்தும், பஸ்ரா முத்து என்று சொல்லப்படும் பாரசீக வளைகுடா முத்தும் இயற்கையானவை, விலை உயர்ந்தவை. ஆனால் வளர்ப்பு முத்து 1920களிலேயே உலகச் சந்தைக்கு வந்துவிட்டது. கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது, ஆய்வகத்தில் எக்ஸ்ரே எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

எல்லாக் கல்லையும் ஆய்வகத்துக்கு அனுப்பத் தேவையில்லை, அது வீண் செலவு. கல்லைப் படித்த ஒருவர் லென்ஸில் பார்த்து "இது நல்ல கல்லாக இருக்கலாம்" என்று சொல்பவற்றை மட்டும் ஜிஐஏ, ஐஜிஐ போன்ற ஆய்வகங்களுக்கு அனுப்புங்கள். பின்பக்கம் மூடிப் பதித்த கல்லுக்கு நிறமும் எடையும் தோராயமாகவே சொல்ல முடியும். கழற்றினால்தான் துல்லியம். ஆனால் கழற்றும்போது பழைய கட்டு சிதையும். கல்லின் உத்தேச மதிப்பு அந்தச் சேதத்தைவிடப் பல மடங்கு என்றால் மட்டும் கழற்றுங்கள்.

படி 5: வேலைப்பாடும் காலமும்

காசு மாலையை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவற்றில் இருப்பது லட்சுமி உருவம் அடித்த மெல்லிய தகடுகள். சிலவற்றில் உண்மையான பிரிட்டிஷ் சவரன் நாணயங்கள் இருக்கும்: எடை 7.98 கிராம், விட்டம் 22 மில்லிமீட்டர், 22 கேரட். ஒவ்வொரு காசிலும் ஆண்டைப் படியுங்கள். மாலையில் மிகப் பிந்திய ஆண்டு எதுவோ, மாலை அதற்கு முன்பு செய்யப்பட்டிருக்க முடியாது. 1918இல் மட்டும் பம்பாயிலும் சவரன் அடித்தார்கள். அதில் ஆண்டு எண்ணுக்கு மேலே தரைக்கோட்டில் சிறிய ஆங்கில 'ஐ' எழுத்து இருக்கும். வளையம் பற்றவைத்த காசுக்கு நாணயச் சேகரிப்பாளர்கள் தரும் விலை குறையும். ஆனாலும் தேய்மானம் பார்க்காமல் உருக்குக்குப் போட வேண்டாம்.

கையால் இழுத்த கம்பியில் தடிமன் சீராக இருக்காது. கையால் வெட்டிய திருகாணி தன் ஜோடித் தண்டில் மட்டும் சரியாக ஏறும், இடம் மாற்றினால் ஏறாது. ஒரே மாதிரியான பூக்களில் சிறு சிறு வேறுபாடு தெரியும். இவை கைவேலையின் அடையாளங்கள். நகரத்தாரின் திருமண நகையான கழுத்திரு போன்ற பெரிய நகைகள் பல வீடுகளில் பிள்ளைகளுக்குப் பங்கு வைக்கப் பிரிக்கப்பட்டுவிட்டன. முழுதாக, மாற்றாமல் இருப்பதற்கு அதனால்தான் இவ்வளவு மதிப்பு. அறுந்த கண்ணியை இன்று பளபளவென்று மாற்றினால் மதிப்பு குறையும். அறுந்தது அறுந்தபடியே மதிப்பீட்டாளரிடம் போகட்டும்.

படி 6: சட்டம் குறுக்கே வரும் இடங்கள்

புலிநகப் பதக்கம் பரம்பரை நகைப்பெட்டிகளில் அடிக்கடி இருக்கும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை விற்பதும் வாங்குவதும் குற்றம், சான்று இல்லாமல் வைத்திருப்பதும் சிக்கல். யானைத் தந்த வளையல், யானைமுடி மோதிரம் ஆகியவையும் இப்படியே. இவற்றுக்குச் சந்தை மதிப்பு என்று ஒன்றே கிடையாது. வனத்துறையை அணுகும் முன் ஒரு வழக்கறிஞரிடம் பேசுங்கள்.

நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கலைநயமிக்க நகை, 1972இன் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டத்தில் தொல்பொருளாகக் கருதப்படலாம். அதைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அமெரிக்காவில் இருக்கும் மகளுக்குக் கொள்ளுப்பாட்டியின் ஒட்டியாணத்தைக் கூரியரில் அனுப்ப நினைப்பவர்கள் முதலில் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

படி 7: எதற்காக மதிப்பு கேட்கிறீர்கள்?

ஒரே நகைக்கு மூன்று சரியான விலைகள் இருக்கலாம். இன்று விற்றால் கையில் வரும் தொகை ஒன்று. காணாமல் போனால் அதே மாதிரி திரும்பச் செய்ய ஆகும் தொகை இன்னொன்று; செய்கூலியும் கல்லும் சேர்வதால் இது அதிகம், காப்பீட்டுக்கு இதுதான் வேண்டும். பாகப்பிரிவினைக்கு வேண்டியது ஒரே மதிப்பீட்டாளர் ஒரே நாளில் எல்லா நகைக்கும் எழுதித் தரும் விலை. அண்ணன் பங்குக்குக் கடை விலையும் தங்கை பங்குக்குக் காப்பீட்டு விலையும் போட்டால் குடும்பத்தில் மனக்கசப்பு வரும். வங்கி நகைக்கடன் மதிப்பீட்டை இதற்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் கல்லையும் வேலைப்பாட்டையும் பார்ப்பதில்லை.

மதிப்பீட்டாளர் வருமான வரிச் சட்டத்துக்காகப் பதிவு பெற்றவராக இருக்கட்டும். நகையை வாங்கும் ஆர்வம் அவருக்கு இருக்கக் கூடாது. மதிப்பில் இத்தனை சதவீதம் என்று கூலி கேட்பவரைத் தவிருங்கள். நல்ல பழைய நகை என்று தெரிந்தால் மும்பையின் சாஃப்ரன்ஆர்ட், ஆஸ்டாகுரு போன்ற ஏல நிறுவனங்களுக்குப் படம் அனுப்பி உத்தேச விலை கேட்கலாம். குறைந்தது மூன்று இடங்களில் கேளுங்கள். நகையை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

கடைசியாக வரி. இந்தியாவில் வாரிசாக நகை பெறுவதற்கு வரி இல்லை. விற்கும்போது மூலதன ஆதாய வரி உண்டு. உங்களிடம் வந்த நாளிலிருந்து இல்லை, பாட்டியோ அம்மாவோ வாங்கிய நாளிலிருந்தே காலம் கணக்கிடப்படும். 24 மாதத்துக்கு மேல் என்றால் 2024 ஜூலை 23 முதலான விற்பனைக்கு 12.5 சதவீதம். 2001 ஏப்ரல் 1க்கு முன் வாங்கியது என்றால் அந்த நாளின் சந்தை மதிப்பை வாங்கிய விலையாகக் காட்டலாம். அதற்கான சான்றைப் பதிவு பெற்ற மதிப்பீட்டாளரே தருவார். பழையதைக் கொடுத்துப் புதியது வாங்கினாலும் சட்டத்தின் கண்ணில் அது விற்பனைதான். மணமான பெண்ணுக்கு 500 கிராம், மணமாகாத பெண்ணுக்கு 250, ஆணுக்கு 100 என்று பலர் சொல்லும் அளவு, வருமான வரிச் சோதனையில் பறிமுதல் செய்யக் கூடாத அளவு. வைத்திருக்கலாம் என்ற உச்சவரம்பு அல்ல. அதற்கு மேல் இருந்தால் எங்கிருந்து வந்தது என்று காட்டினால் போதும். முதல் படியில் சேர்த்து வைத்த ரசீதும், கல்யாணப் படமும், உயிலும், மதிப்பீட்டுச் சான்றும் அதற்குத்தான். அவற்றின் நகலை நகை இருக்கும் லாக்கரிலேயே வைக்காமல் வேறு இடத்தில் வையுங்கள்.